ஒரு துண்டுக்கு ஒரு வம்சம்

துண்டைக் கண்டால் முழுசையும் கட்டிவிடுகிற இனம் ஒன்று உலகத்தில் உண்டு. வாசலில் ஒற்றைச் செருப்பைப் பார்த்ததும், வந்திருப்பவர் யார், எதற்கு வந்தார், எத்தனை நாள் தங்குவார் என்பது வரை சொல்லிவிடுவார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பார்களா? அதற்கு என்ன அவசியம்!

நம் அருங்காட்சியக ஆராய்ச்சியாளர் இந்த இனத்தில் அசல் மாதிரி. கப்பலின் அடியிலும் பாறையிலும் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்குமே கொட்டலசு, அதன் பூர்வீகத்தைத் தேடுவதுதான் அவர் பிழைப்பு. அதிலும் ஆழ்கடலடியில் வாயு கசியும் இடங்களில் வாழ்ந்து கல்லாகிப் போனவை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். செத்ததும் அதன் ஓடு துண்டு துண்டாகக் கழன்றுவிடும். மற்றவர்களுக்கு அது தலைவலி, இவருக்குக் கொண்டாட்டம். சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு துண்டு கிடைத்தது. புது இனம் என்று அறிவித்து அருங்காட்சியக டைரக்டர் பெயரைச் சூட்டினார். அடுத்த வருஷம் வேறு வடிவத்தில் இன்னொரு துண்டு. அதற்கு மனைவியின் பெயர். முன்னது பாட்டன், பின்னது பேத்தி என்று வம்சாவளிப் படம் வரைந்து வீட்டுக் கூடத்திலும் மாட்டியாயிற்று. படத்தைப் பார்த்து மனைவி சிரித்தாளே ஒரு சிரிப்பு, அதை நினைத்து நினைத்தே நாலு வருஷம் பூரித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள், கல்லுக்குள் புதைந்த ஓடுகளை அவருக்குச் செதுக்கி எடுத்துத் தரும் அம்மாள் ஒரு கல்லை மேஜைமேல் வைத்தார்.

"சார், முழுசா ஒண்ணு கெடச்சிருக்கு. உங்க பாட்டனும் பேத்தியும் ஒரே ஒடம்புல இருக்காங்க."

மனிதருக்கு வியர்த்துவிட்டது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது அந்தத் துறையின் சட்டம். டைரக்டர் நிற்பார்; மனைவி போய்விடுவாள். எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"வேணும்னா அலமாரிக்குப் பின்னால தள்ளிடட்டுமா சார்?"

ஒரு நிமிஷம் சபலம் தட்டத்தான் செய்தது. "வேண்டாம்மா, தப்புன்னு நானே எழுதிடறேன்" என்றார்.

வீட்டில் மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப நானும் உங்க டைரக்டரும் ஒரே பிராணியா?"

"ஆமா... உன் பேருதான் போச்சு."

"அப்பாடா! கடலடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்குற ஜந்துக்கு என் பேரான்னு அன்னிக்கே சிரிப்பு தாங்கல. உங்க மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். மொதல்ல அந்தப் படத்தக் கழட்டுங்க."

நாலு வருஷப் பெருமை ஒரே நொடியில் காலி. வலிக்கத்தான் வலித்தது, ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. படத்தைக் கழற்ற நாற்காலியில் ஏறினார். அவள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்றபடியே ஆராய ஆரம்பித்துவிட்டார்.

திருந்தவே மாட்டார், ஜென்மத்துக்கும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள், இல்லையா? நீங்கள் பார்த்தது அவருடைய ஒரே ஒரு நாள். அதற்குள் முழு ஆளையும் கட்டி முடித்தாயிற்று! வாருங்கள், அருங்காட்சியகத்தில் அவர் பக்கத்திலேயே ஒரு மேஜை காலியாக இருக்கிறது.