கலுங்கு அருவிக்கு நடைபாதை

வட்டாரத்துக்கு ஓர் அருவி. அருவிக்கு ஒரு குறு நடைபாதை. ஆணை அப்படி. புதூர்ப் பக்கம் மலை கிடையாது. ஆணையில் மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கண்மாய்க் கலுங்கைப் பிடித்தார்கள். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாக மூன்றடி கீழே விழும். விழுந்து ஆறு வருஷம். பலகை வைத்தாயிற்று: "கலுங்கு அருவி."

ரோட்டிலிருந்து கலுங்கு எண்பதடி. நடைபாதையோ ஐந்நூறு மீட்டருக்குக் குறையக் கூடாது. எனவே கல் பதித்த பாதை சீமைக்கருவேலங்காட்டை ஏழு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கலுங்குக்கு வந்து சேர்ந்தது. சுற்றிலும் கம்பிவேலி. வாசலில் நடைபாதை அலுவலர் மாயகிருஷ்ணன், நாற்காலி சகிதம்.

வேலிக்கு உள்ளே, கண்மாயில் முழங்கால் தண்ணீர். வெளியே வெள்ளைத்தாயும் அவள் ஆடு நாற்பத்திரண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லை.

"கதவத் தெறங்க சார். ரெண்டு நாளா நாக்கு வறண்டு கெடக்குதுவ."

"பார்வையாளர்களுக்கு மட்டுந்தாம்மா அனுமதி."

"அதுவளும் பாக்கத்தான் வருதுவ. பாத்துட்டுக் குடிக்கும்."

மாயகிருஷ்ணன் யோசித்தார். மாதம் நாற்பது பார்வையாளர் வராவிட்டால் அவருக்கு மாறுதல். மூன்று வாரத்தில் வந்தது ஒருவர். அவரும் மூத்திரம் பெய்ய ஒதுங்கியவர்.

"பேரு?"

"வெள்ளைத்தாய்."

"ஒங்க பேரு எதுக்கு? அவங்க பேரச் சொல்லுங்க."

ஆட்டுக்கொரு அட்டை தயாரானது. பெயர், வயது, அங்க அடையாளம். அன்றுமுதல் நாற்பத்திரண்டு பேரும் தினம் ஏழு சுற்றுச் சுற்றிப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். மாவட்டத்திலேயே அதிகப் பார்வையாளர் என்று மாயகிருஷ்ணனுக்குச் சால்வை போட்டார்கள். "பொறுப்புமிக்க பார்வையாளர்கள், பாதையில் ஒரு காகிதம்கூடக் கிடக்கவில்லை" என்று தனிப் பாராட்டு. கிடந்ததையும் தின்றிருந்தார்கள்.

ஐப்பசியில் அடித்தது மழை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஊரே குலவை போட்டுக்கொண்டு ஓடினோம். வாசல் பூட்டிக் கிடந்தது.

"அருவில தண்ணி விழுது. ஆபத்து. பொதுமக்களுக்குத் தடை."

"விழாதப்ப வந்து என்னத்தய்யா பாக்க?" என்றேன்.

"அட்டை உள்ளவங்க மட்டும் போலாம் அண்ணாச்சி."

வெள்ளைத்தாயிடம் போனோம். காட்டில் பள்ளமெல்லாம் தண்ணீர். ஆடுகளுக்கு இனிக் கண்மாய் எதற்கு? நாற்பத்திரண்டு அட்டையும் சும்மா கிடந்தன. ஆளுக்கொரு கட்டு வேப்பங்குழை வாங்கிக்கொண்டு கொடுத்தாள்.

"ஒங்களுக்கு இந்தக் கெடா சரியா இருக்கும் அண்ணாச்சி."

மாயகிருஷ்ணன் அட்டையைப் படித்தார். "பெயர் கொம்பன். வயது ரெண்டு. அடையாளம் தாடி." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "பொருந்துது. போங்க. உள்ள செடியக் கடிக்கப்படாது. சரியா?"

தலையில் தூறல் விழுந்தது. கோயில் கிடா மாதிரி தலையை ஆட்டினேன். பின்னால் வரிசையில் நின்ற நாற்பத்தொரு பேரும் ஆட்டினார்கள்.