மைக் அக்கா அறிவித்த மரபணு

மலாக்கா மாநிலத்தில் ஒரு செய்தி ரகசியமாக இருக்க வேண்டுமென்றால், அதை மைக் அக்காவிடம் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அவர் இருக்கும் கட்டடத்தில் நின்றுகொண்டு அதை நினைக்கவும் கூடாது.

அலோர் காஜாவிலிருந்து தஞ்சோங் கிளிங் வரை, கோயில் திருவிழாவோ கல்யாணமோ, ஒலிபெருக்கியைப் பிடித்து அறிவிப்பு செய்வது அவர்தான். தொலைந்த பிள்ளைகள், வழியை மறித்து நிற்கும் கார்கள், தீர்ந்துபோன சாம்பார், எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குத் தெரியவரும். அசல் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மருத்துவமனையில் மலாய்த் தாதிகள்கூட ‘காக் மைக்’, அதாவது மைக் அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் பத்திரிகையில் உங்களுக்கு உடல்நலக் குறிப்பு எழுதுகிறவள். கீரை சாப்பிடுங்கள், நடங்கள், சோதனை என்றால் பயப்படாதீர்கள் என்றெல்லாம் அறிவுரை அள்ளி வீசியவள். எனக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. ‘இரும்புச்சத்துக் குறைவு’ என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வலுக்கட்டாயமாக இழுத்துப்போய் ரத்தம் எடுக்க வைத்தபோதுதான் தெரிந்தது, தீவிர ரத்தப் புற்றுநோய். அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு மைக் அக்கா.

“நீங்கதானே அந்தக் கீரை சாப்பிடச் சொல்ற ரைட்டரம்மா?” என்றார் என்னைப் பார்த்ததும்.

“ஆமாங்க்கா.”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

எனக்குக் கீரை பிடிக்காது.

மறுநாள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். ‘சிறு குத்தல்தான், அச்சம் வேண்டாம்’ என்று இந்தச் சோதனையைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன். ஊசி இறங்கியபோது நான் போட்ட சத்தத்தில் கீழ்மாடிக் காவலர் மேலே ஓடி வந்தார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக் அக்காவின் குரல் வந்தது: “சிறு குத்தல்தான் லா, ரைட்டரம்மா! நீங்களே எழுதியிருக்கீங்க!”

அவர் முறை வந்தபோது கத்தவில்லை. நேர்முக வர்ணனை செய்தார். “இப்போது நமது டாக்டரம்மா அவர்கள் ஊசியைக் கையில் எடுக்கிறார்கள். பக்தகோடிகள் தயவுசெய்து அமைதி காக்கவும்…” டாக்டரம்மா யாழ்ப்பாண வம்சாவளி, லேசில் சிரிக்காதவர். அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் நின்று, திரும்பி வந்தார்.

எங்கள் இருவரின் மஜ்ஜையும் மரபணுச் சோதனைக்குத் தலைநகர் கே.எல். போனது. நோய் ஒன்றே என்றாலும் செல்லுக்குள் நடந்திருக்கும் மரபணு மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அது தெரிந்தால்தான் யாருக்கு என்ன மருந்து என்று முடிவு செய்ய முடியும் என்றார் டாக்டரம்மா. எனக்கு என்.பி.எம்.1 என்று வந்தது. மைக் அக்காவுக்கு எஃப்.எல்.டி.3. அவருடையது கொஞ்சம் முரட்டு ரகமாம். அதைக் கேட்டு நான் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்க, அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“வழியை மறித்து நிற்கும் எஃப்.எல்.டி. மூன்று என்ற எண்ணுள்ள காடியின் உரிமையாளர், உடனடியாக வண்டியை அகற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்!”

வார்டே சிரித்தது. தமிழ் தெரியாத சீனப் பாட்டிகூட சிரித்தார்.

கீமோவில் எங்கள் முடி கொட்டியது. வாயெல்லாம் புண்ணானது. ஒருவழியாக, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கெட்ட செல் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘புற்றுநோயை நான் வென்றது எப்படி’ என்று கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டேன். வீரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

டாக்டரம்மா அதில் மண்ணைப் போட்டார். “மைக்ரோஸ்கோப்புல பார்க்கிறது மேம்பாலத்துல நின்னு டிராஃபிக்கப் பார்க்கிற மாதிரி. இப்ப அனுப்பப் போற டிஎன்ஏ சோதனை, ரோட்பிளாக் போட்டு ஒவ்வொரு ஆளா ஐசி அட்டை கேட்கிற மாதிரி. பல்லாயிரம் நல்ல செல்லுக்கு நடுவுல அந்தப் பழைய மாற்றத்தோட ஒண்ணு ஒளிஞ்சிருந்தாலும் பிடிச்சிடும். இருந்துச்சுன்னா அடுத்து மஜ்ஜை மாற்று சிகிச்சையப் பத்திப் பேசணும்.”

என் வீரப் பத்தி அங்கேயே செத்தது.

எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்; முடிவு சொல்லும் நாள் வந்தது. எனக்கும் மைக் அக்காவுக்கும் ஒரே நாள். காலையில் எழுந்து, ‘டாக்டர் தள்ளி வெச்சிட்டாங்க’ என்று வீட்டுக்காரரிடம் வாய்கூசாமல் பொய் சொன்னேன். உம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டால் தேவலை என்றேன். அப்பாவி மனிதர், கடலோரமாக ஒரு கடையில் உட்கார வைத்து, திருக்கை வாங்கிக் கொடுத்தார். என் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். அவருடையதை அணைக்கச் சொல்ல எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

மணி அடித்தது. எடுத்தார். “அட, மைக் அக்காவா! உம்பாய்லதான் இருக்கோம், மீன் நல்லா இருக்கு. பேசுறீங்களா?”

வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். கைப்பேசியில் அக்கா சொன்னது எனக்கே கேட்டது. “நகராதீங்க. வர்றேன்.”

திருக்கையில் பாதிகூட முடியவில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து அந்தக் குரல் எழுந்தது. “சிவப்புத் துணி தலையில் கட்டிய ரைட்டரம்மா, உங்களைத் தேடி ஆள் வந்திருக்கிறது. எங்கிருந்தாலும் உடனே கை தூக்கவும்!” கடையில் அத்தனை பேரும் திரும்பி என் சிவப்புத் துணியைப் பார்த்தார்கள். கை தூக்கினேன். வேறு என்ன செய்வது?

மகளின் காரில் வந்திருந்தார். முகக்கவசத்தோடு மூச்சு வாங்க வந்து எதிரில் உட்கார்ந்தார். பெரிய அறிவிப்பு ஒன்று வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். வரவில்லை. பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

“என்னோடது இன்னும் இருக்காம்.”

“மைக்ரோஸ்கோப்புல ஒண்ணுமே இல்லன்னுதானேக்கா சொன்னாங்க?”

“அதுல தெரியல. இதுல தெரியுது. துளியூண்டுதானாம்.” முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். “பயமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. தெரியாமலே இருந்திருந்தா நான் பாட்டுக்குத் திருவிழாவுல மைக் புடிச்சிட்டு நின்னிருப்பேன். அது உள்ளுக்குள்ள வளர்ந்துகிட்டே இருந்திருக்கும். இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? ஏதாச்சும் செய்யலாம்.”

அவர் அந்த அளவு மெதுவாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. தன் தலையில் இடி விழுந்த மறுநிமிடமே வீட்டுக்குப் போய் அழாமல், என்னைத் தேடி உம்பாய்க்கு வந்திருக்கிறார்.

“எந்திரிங்க லா,” என்றார். “டாக்டரம்மா உங்களுக்காக உக்காந்திருக்காங்க.”

வீட்டுக்காரர் மீனைப் பொட்டலம் கட்டச் சொன்னார்.

என் சோதனையில் அந்த மாற்றம் எங்கும் தென்படவில்லை. தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் இப்போதைக்கு மஜ்ஜை மாற்று வேண்டாம் என்றார் டாக்டரம்மா. மைக் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அறையை விட்டு வெளியே வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் படித்துவிட்டார். நடைக்கூடம் அதிர்ந்தது.

“ஓர் அன்பான அறிவிப்பு! நமது ரைட்டரம்மாவுக்கு ஒண்ணுமில்லை! ஒண்ணுமே இல்லை!”

முன்பின் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். நான் அவர் தோளில் முகத்தை வைத்து, மஜ்ஜை எடுத்த அன்றைக்கு அழுததைவிடக் கேவலமாக அழுதேன்.

தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் அவர் தம்பியின் மஜ்ஜை பொருந்தியது. கே.எல்.லில் சிகிச்சை நடந்தது. தொண்டைப் புண்ணால் பல வாரம் அவரால் பேச முடியவில்லை. அந்த மருத்துவமனையில் நிலவிய அமைதியை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மெல்லத் தேறினார். அதே நுணுக்கமான சோதனையைத் திரும்பச் செய்தபோது எஃப்.எல்.டி.3 இல்லை. நானும் புத்தி வந்து, கீரை சாப்பிடுகிறேன். பிடித்துச் சாப்பிடுகிறேன் என்று எழுத மாட்டேன்.

என் சோதனை முடிவு வரும் ஒவ்வொரு முறையும், தனக்கு அன்றைக்கு மருத்துவமனையில் வேலை இல்லாவிட்டாலும், அலோர் காஜாவிலிருந்து கிளம்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். உடம்பு முடியாதவர், எதற்கு இத்தனை அலைச்சல்? ‘வர வேண்டாம்க்கா’ என்று தவறாமல் சொல்கிறேன், அவர் காதில் விழாத அளவுக்கு மெதுவாக.