நான் வரையாத வாய்க்கால்

சிங்கப்பூருக்குப் பக்கத்துச் செனாயில் மழையையே வேலைக்காரனாக நடத்திய ஒரே மனிதர் பாரிட் தவுக்கே. மலாயில் பாரிட் என்றால் வாய்க்கால், தவுக்கே என்றால் முதலாளி. வாய்க்காலுக்கு இவர் முதலாளியாம். ஊர் கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

"தினம் மழை கொட்டுற ஊர்ல வாய்க்கால் எதுக்குண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மழை அதுக்குத் தோணுறப்ப வரும் சார். என் கீரைக்கு நான் சொல்ற நேரத்துல வரணும்லா."

பழைய வண்டிகளின் நம்பர் பலகைகள்தான் அவருடைய மதகுகள். "லாரியத் தூக்கு, காரை மூடு" என்று மனைவிக்குக் குரல் கொடுப்பார். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர், அந்த ஒல்லியான அம்மா லாரியை எப்படித் தூக்கப்போகிறார் என்று பார்க்க வேலியோரம் அரை மணி நேரம் நின்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். இவர் அசையவில்லை.

"ஃபேக்டரி வரட்டும் சார். ஆயிரம் பேரு வந்தா ஆயிரம் வாய். இரும்பையா திங்கப் போறாங்க?"

நான் படித்த பொருளாதாரத்தில் இது இல்லை.

இனி நான் செய்தது. நான் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவனாக இருந்தேன். தொழிற்சாலை ஒன்றின் விரிவாக்கத்துக்காக, அவர் தற்காலிக அனுமதியில் பயிர் செய்த நிலத்தை அளக்கப் போனேன். தண்ணீர் ஓடும் வாய்க்காலை மூட அனுமதி கிடைக்காது. மழை விட்டிருந்த வாரம் அது; அன்று வாய்க்காலில் ஒரு சொட்டும் இல்லை. மிளகாய் பறிக்குமுன் மூன்று நாள் தண்ணீரை நிறுத்துவார். அப்போதுதான் காரம் ஏறும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வாரந்தோறும் அந்த மிளகாயை வாங்கித் தின்று கண்ணீர் விட்டவன் நான். ஆனால் உண்மையை எழுதினால் வாய்க்காலை விட்டு எல்லையை மாற்றி, மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். சோம்பல்பட்டேன். 'வறண்ட பள்ளம், பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். படத்தில் வாய்க்காலுக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை. சில வாரங்களில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

அவர் நம்பர் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், அதே தொழிற்சாலையில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். நான் பணி ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கமே போகவில்லை.

சென்ற மாதம் போனேன். கட்டடத்தின் பின்னால், உள்ளே குளிரூட்டும் ஏர்கோன்கள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே விரல் அகலத்தில் சிமெண்டு வாய்க்கால். குறுக்கே, துண்டு துண்டாக வெட்டிய அதே பலகைகள். இரு பக்கமும் மிளகாயும் கீரையும். எல்லாம் கேண்டீனுக்கு.

"வெயில் ஏறினா உள்ள ஏர்கோனைக் கூட்டுவாங்க. செடிக்கும் அப்பத்தானே தண்ணி வேணும்? என்னா ஏற்பாடு பாருங்க சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, உங்க வாய்க்கால்ல தண்ணி ஓடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இல்லைன்னு எழுதினேன்."

அவர் குனிந்து ஒரு பலகையைத் தூக்கினார். தண்ணீர் அடுத்த பாத்திக்கு நகர்ந்தது.

"தெரியும் சார். மிளகாய் வாங்க வர்றத நிறுத்தினீங்கல்ல, அப்பவே தெரியும். பை கொண்டாந்தீங்களா?"

நான் பை கொண்டுபோகவில்லை. தன் தொப்பியைக் கழற்றி அது நிறையப் பறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தாளை விரித்து, அந்த விரலகல வாய்க்காலை ஒரு வளைவு விடாமல் வரைந்தேன். யாரும் கேட்காத படம். அடியில், 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.