தபாலில் மட்டுமே வழங்கப்படும்

குடியிருப்பு அட்டை தபாலில் மட்டுமே வழங்கப்படும் என்பது குடியேற்ற அலுவலகத்தின் விதி. தபால்காரர் வரும் நேரத்தில் விண்ணப்பதாரர் வீட்டில் இருந்தால், அவர் இந்த நாட்டில் வசிக்கிறார். இல்லாவிட்டால் வசிக்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது. எழுதிய புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த அட்டை அவசரமாக வேண்டியிருந்தது. அது வந்தால்தான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடியும். கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். போனில் இவர் முகம் தெரிந்ததும் "போன் அப்பா!" என்கிறாள். முதல் தடவை கேட்டபோது சிரித்தார். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

முதல்முறை அனுப்பிய அட்டை திரும்பிப் போய்விட்டது. காரணம் கேட்க அலுவலகத்தின் நான்காம் மாடிக்குப் போனார். அங்கிருந்த அதிகாரிக்கு 'விதிப்படி' என்று பட்டப்பெயர். அந்தச் சொல் இல்லாமல் அவரால் வாயைத் திறக்க முடியாது.

"விதிப்படி, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நீங்க வீட்ல இல்ல."

"எப்படி சார் இருப்பேன்? உங்க ஆபீஸ் லிஃப்டைத்தான் சரிபண்ணிட்டிருந்தேன். உள்ள மாட்டினதே நீங்கதானே? நான்தானே கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்?"

"மறப்பேனா? ரொம்ப நன்றி. ஆனா அதை எழுத ஃபார்ம்ல கட்டம் இல்லையே."

"நீங்களே சாட்சி சொல்லலாமே சார்."

"நான் அதிகாரி. விதிப்படி, அதிகாரி சாட்சியாக முடியாது."

மறுபடி அனுப்பினார்கள். எப்போது வரும் என்று கேட்க மெக்கானிக் அலுவலக வரிசையில் நின்ற அதே காலையில், தபால்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பிவிட்டார். பிறகு கதவிடுக்கில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. மூன்றாம் முறையும் தபால் திரும்பினால் விண்ணப்பதாரர் நாட்டை விட்டு வெளியேறியவராகக் கருதப்படுவார் என்று மிகுந்த மரியாதையுடன் தெரிவித்திருந்தார்கள்.

மெக்கானிக் லீவு போட்டுவிட்டு, வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குளிக்கும்போதுகூடக் குழாயைச் சத்தமில்லாமல் திறந்தார். மூன்றாம் நாள் காலை பத்தரைக்குப் போன் அடித்தது. விதிப்படிதான் பேசினார்.

"லிஃப்ட் நின்னுபோச்சுங்க. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். இந்த லிஃப்டோட குணம் உங்களுக்குத்தான் தெரியும். உடனே வாங்க."

"மன்னிக்கணும் சார். வீட்டை விட்டு நகர முடியாது. அட்டை வரணும்."

"அது வராது. இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாதுன்னு தபால்காரரையே மேல வரவழைச்சு, அவர் பையில போட்டு, நானே கூட வந்தேன். அவரும் இங்கதான் நிக்கிறார்."

மெக்கானிக் துள்ளி எழுந்தார். "அப்போ இதோ வந்துட்டேன்! கதவைத் திறந்ததும் அவர் அட்டையை என் கையில கொடுத்துடட்டும்."

போனில் தபால்காரரின் குரல் கேட்டது. நல்ல மனுஷன், குரலிலேயே வருத்தம் தெரிந்தது. "அண்ணே, உங்களை இங்க பாத்தா, நீங்க வீட்ல இல்லைன்னுதானே அர்த்தம்? கண்ணால பாத்துட்டு எப்படி எழுதாம இருக்கறது?"

"அவர் சொல்றது சரி" என்றார் விதிப்படி.

"அப்படி எழுதினா நான் நாட்டை விட்டுப் போனவன் சார். நாட்டுலயே இல்லாதவன் வந்து எப்படி லிஃப்டைத் திறக்கறது?"



"விதிப்படி," என்றார் அதிகாரி மெதுவாக, "அதுவும் சரிதான்."

மெக்கானிக் சந்தோஷமாக நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை நாள் தன்னை அலையவிட்டவர் ஒரு மணி நேரம் நின்றுதான் பார்க்கட்டுமே! பாதி சிரிப்பில்தான், தன் அட்டையும் அதே லிஃப்ட் பெட்டிக்குள் கிடக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் அறுபது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். 'அதிகாரி வந்துகொண்டிருக்கிறார்' என்று பலகை மாட்டப்பட்டது. அது பொய்யில்லை என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனைவி வீடியோவில் வந்தாள். அவள் இடுப்பிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "போன் அப்பா!"

"அட்டை என்னங்க ஆச்சு?"

"கிளம்பிடுச்சும்மா. தபால்காரர் பையிலதான் இருக்கு."

"நிஜமாவா?" அவள் கண் கலங்கிவிட்டது. "எங்க வந்திருக்கு?"

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல."

எந்த மாடி, யார் வீட்டு மாடி என்று அவள் கேட்கவில்லை. இவ்வளவு பக்கத்தில் அது எப்போதும் வந்ததில்லை. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்:

"தயவுசெஞ்சு இந்தத் தடவையாவது வீட்டை விட்டு எங்கயும் போயிடாதீங்க!"