மேசையில் மூன்று தொப்பி

ஊருக்கு ஊர் காக்கை இருப்பதுபோல, பள்ளிக்குப் பள்ளி ஒருத்தன் இருப்பான். அவன் பெயர் 'அழைப்பு வந்தவன்'. காலேஜ்காரர்கள் அவனைக் கூடைப்பந்து ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம், பூட்ஸ்கூட இலவசம். எந்தக் காலேஜ் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இப்ப வெளியே சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்பான். ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு வந்துதான் அப்படிச் சொல்வான்.

கோடையில் பயிற்சி முகாம் நடத்துகிறோம், பணம் கட்டி வந்து சேர் என்று காலேஜ்கள் அனுப்பும் விளம்பரக் காகிதம் இருக்கிறதே, அது பந்தைத் தொட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் வரும், என் நாய் பந்தைக் கவ்வினால் அதற்கும் வரும். இவன் அதைப் படமெடுத்து, பணம் கட்டச் சொன்ன இடத்தைக் கட்டைவிரலால் மறைத்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், இன்னொரு அழைப்பு" என்று ஃபோனில் ஏற்றிவிடுவான். எதிரணிப் பையனைப் பார்க்க வந்த காலேஜ் கோச் நடுவில் எழுந்து கழிவறைக்குப் போனாலும், "என்னைப் பத்தி ஃபோன் பண்ணப் போறாரு" என்பான். எங்கள் அலபாமாவில் இந்த இனத்துக்குப் பஞ்சமே கிடையாது.

என் பக்கத்து வீட்டு ஜமரியஸ் அதில் உயர்ந்த ரகம். பொய்யன் என்று சொன்னீர்களானால் சண்டைக்கு வருவேன். என் குப்பைத் தொட்டியைக் கேட்காமலே தெருவுக்குத் தள்ளிவைக்கிற பிள்ளை அவன். பெரிய யுனிவர்சிட்டி கூப்பிட்டது என்றான், அவ்வளவுதான். யாரும் கூப்பிடவில்லை.

நிஜமாகக் கூப்பிட்டவர் ஒருவர் உண்டு. டில்லார்ட் என்று ஒரு கோச். தொண்ணூறு மைலுக்கு அப்பால் சின்னக் காலேஜ். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கீரை அலம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவன் அம்மா லூவெனியா பேசினாள்.

"அந்த டில்லார்ட் மறுபடியும் கூப்பிட்டாருடா. ஒரே ஒரு இடந்தான் இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

"அது ரெண்டு வருஷக் காலேஜும்மா. பக்கத்துல மாட்டுப் பண்ணை."

"மாடு உன்னை என்ன பண்ணுச்சு?"

"பெரிய இடத்துக்குப் போறேன்னு ஊரே பேசுது. இப்பப் போயி மாட்டுக் காலேஜுன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"பெரிய இடத்துல கூப்பிட்டது நிஜந்தானே?"

"அனேகமா."

அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் அவன் காதைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கேக்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது: அழைப்பு வந்த பிள்ளை, பள்ளி ஆட்டக்கூடத்தில் ஊரார் முன்னால் உட்காருவான். மேசையில் ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு தொப்பி. எதை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அங்கே போகிறான். அந்த வெள்ளிக்கிழமை மேசையில் மூன்று தொப்பி. மூன்றையும் கடையில் வாங்கியவன் அவனே. காலேஜ் அனுப்பிய அழைப்புக் கடிதத்தை யாராவது பார்த்தார்களா? பள்ளிக் கோச் பார்த்திருப்பார் என்று அம்மா இருந்தாள், அம்மா பார்த்திருப்பாள் என்று கோச் இருந்தார், அவர்கள் இரண்டு பேரும் பார்க்காமலா என்று பாஸ்டர் ஜெபமே செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டில்லார்ட். பதில் வராததால் நேரிலேயே வந்துவிட்டார். கையில் நாலாவதாக ஒரு தொப்பி.

ஜமரியஸ் அவரைப் பார்த்துவிட்டான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை சஸ்பென்ஸ் வைக்கிறான் என்று அதற்கு நினைப்பு. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை, நடுவில் இருந்த பெரிய யுனிவர்சிட்டித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தது. கூரை பிய்ந்துகொள்ளும்படி கைதட்டல். டில்லார்டும் தட்டினார். நல்ல மனுஷன்.

மேசைக்கு வந்து லூவெனியாவிடம், "சந்தோஷம்மா. பெரிய இடம். அப்ப நம்ம இடத்தை அடுத்த பையனுக்குக் கொடுத்துடறேன்" என்றார்.

"தாராளமா சார். கேக் சாப்பிட்டுப் போங்க."

ஜமரியஸ் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தானோ. யாரோ அதில் கேக்கை ஊட்டிவிட்டார்கள். அவன் மென்று முடிப்பதற்குள் டில்லார்டின் கார் கிளம்பிவிட்டது.

ஆகஸ்டில் மற்றப் பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள். இவன் டயர் கடையில் டயர் உருட்டுகிறான். கேட்டால், "கணுக்கால்ல கொஞ்சம் வலி. ஜனவரில வந்து சேரச் சொல்லியிருக்காங்க" என்கிறான். எந்தக் கணுக்கால் என்று கேட்கிறவர்களும் உண்டு. நான் கேட்பதில்லை.

போன ஞாயிறு சர்ச்சில், வெளியூர்க்காரி ஒருத்தி, "உங்க பக்கத்து வீட்டுப் பையன் என்ன பண்றான்?" என்றாள். இரண்டடி தள்ளி லூவெனியா நின்றுகொண்டிருந்தாள். "ஜனவரில போறான்" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆக, இந்த இனத்தில் சேர வயதும் தடையில்லை, உயரமும் தடையில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், அன்றைக்கு விருந்தாளியிடம் உங்கள் மகனைப் பற்றி, "ஆபீஸ்ல அவன் இல்லாம ஒரு வேலையும் நடக்காது" என்றீர்களே, அதை உங்களிடம் வந்து சொன்னது யார்?