கடைவாயில் காத்திருந்த நரம்பு

திருப்புலிவனத்தில் அதிசயம் நடக்கிறது என்றார்கள். கை நரம்பு அறுந்தவன், கால் நரம்பு செத்தவன், கழுத்து நரம்பு பிசகினவன் எல்லோருக்கும் ஒரே வைத்தியமாம். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. பித்தளைக் குழலை வலிக்கிற இடத்தில் வைத்து ஓர் உறிஞ்சு. கெட்ட நரம்பு குழல் வழியாக வந்து தட்டில் விழுந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு இந்த வித்தை தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களும் படிப்பை விட்டுவிட்டு, வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

செல்போனில் வீடியோ வந்தது. அவ்வளவுதான், உத்திரமேரூர் ஷேர் ஆட்டோ எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஓடாத ரைஸ் மில் ஒன்றின் களத்தில் ஷாமியானா. செவ்வாயும் வெள்ளியும் கால் வைக்க இடம் இருக்காது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு நல்ல ஆளாகப் பொறுக்கினோம் என்று பெருமை பேசுகிற ஊர் எங்களுடையது. இந்த ஆளைப் பொறுக்க ஒரு வீடியோ போதுமானதாக இருந்தது.

பேர் நரம்புருவிச் சித்தர். இந்துவுக்குத் திருநீறு, முஸ்லிமுக்குப் பச்சைக் கயிறு, கிறிஸ்தவனுக்கு எண்ணெய்ப் பாட்டில். எம்மதமும் சம்மதம். காணிக்கைத் தட்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

என் சைக்கிள் கடைக்கு அடுத்தது ஷகீலின் துணிக்கடை. அவன் சம்சாரம் பர்சானா ஜாக்கெட் தைக்கிறவள். அவள் வெட்டின கழுத்து தோளை விட்டு நழுவாது என்று பெருநகரிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். பீரோவை இறக்கும்போது கண்ணாடி உடைந்து அவள் வலது மணிக்கட்டில் பாய்ந்தது. நரம்பு துண்டானது. டாக்டர்கள் சேர்த்துத் தைத்தார்கள். வெட்டு ஆறியது, வலி ஆறவில்லை. துப்பட்டா நுனி பட்டாலே விரல்கள் மிளகாய் அரைத்த கைபோல எரிந்தன.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஸ்ரீவித்யா அவளுக்கு ஒரு துணிப்பை கொடுத்தாள். உள்ளே பஞ்சு, பட்டுத்துண்டு, காடாத்துணி, சாக்கு. விரல்களை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். பிறகு இவற்றை ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும்.

"வெட்டுப்பட்ட நரம்பு எது பட்டாலும் எரியுதுன்னுதான் மூளைக்குச் சொல்லும்மா. இது பஞ்சு, இது பட்டுன்னு நாமதான் திரும்பப் பழக்கணும். நரம்பு ஒரு நூல் அளவு, அதான் மூணு மில்லிமீட்டர், வளரவே மூணு நாள் ஆகும். பொறுமையா செய்ங்க" என்றாள்.

ஷகீல் என்னிடம் வந்து சிரித்தான். "கேட்டியா நைனா? துணியத் தடவுனா வலி போவுதாம்! பத்து வருசமா கடையில துணியத்தான் தடவிக்கினு கீறேன். என் முட்டி வலி போச்சா?"

மூன்று நாளுக்கு ஒரு நூல் என்றால் யாருக்குப் பொறுமை? ஒரே உறிஞ்சில் முடிகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனான். என்ன நடக்கிறது பார்ப்போம் என்று நானும் போனேன்.

சித்தர் குழலை வைத்தார். உறிஞ்சினார். தட்டில் துப்பினார். ஒரு சாண் நீளத்தில் கருஞ்சிவப்பாக ஒன்று நெளிந்து கிடந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் அதைக் கற்பூரத்தில் போட்டுக் கொளுத்தினார். மயிர் பொசுங்கும் வாடை அடித்தது.

"மாமிசம்! மாமிச வாடை!" என்று முன்வரிசையில் ஒரு வாத்தியார் கத்தினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

பிறகு மூங்கில் பத்தை வைத்து அவள் ஐந்து விரலையும் இறுக்கிக் கட்டினார். "நாப்பத்தெட்டு நாள் அசைக்கக் கூடாது."

"டாக்டரம்மா தெனம் மடக்கச் சொல்லிக்கீறாங்களே சாமி?"

"மடக்கினா புது நரம்பு முறிஞ்சிடும். அப்புறம் என்னைக் கேக்காதே."

வலி குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. எதுவும் படாமல் மூடி வைத்த கை எப்படி எரியும்? அதற்குப் பழைய துண்டு போதும், சித்தர் எதற்கு?

நாற்பத்தெட்டு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தால் விரல்கள் மட்டைபோல விறைத்து நின்றன. ஸ்ரீவித்யா அந்தக் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மாசம் இப்படிக் கட்டி வச்சிருந்தா ஊசியில நூல் கோக்கறதையே மறந்திருக்கலாம். இன்னைக்கே ஆரம்பிங்க. இன்னொரு தடவை கட்டுப் போட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பர்சானா அழுதுகொண்டே மடக்கினாள். சோறு வடித்துவிட்டு மடக்கினாள், தொழுதுவிட்டு மடக்கினாள். பையிலிருந்து எடுத்துத் தடவினாள். ஒன்றரை மாதத்தில் ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் ஒன்றையொன்று தொட்டன. அந்த நேரம் பார்த்துச் சித்தரின் ஆளிடமிருந்து போன் வந்தது.

"வேர் உள்ளயே நின்னு போச்சாம். அதான் விறைப்பாம்" என்றான் ஷகீல். "இன்னொரு தபா எடுத்துக் கட்டுப் போட்டா சரியாப் போவும்னு சொல்றாங்க."

"கட்டா?" என்றாள் பர்சானா. கொஞ்சம் யோசித்தாள். "சரி, வர்றேன். ஆனா எடுத்த நரம்ப என் கையில குடுக்கணும்."

"அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"என் நரம்புதானே? நான் பாக்கக் கூடாதா?"

வெள்ளிக்கிழமை. அதே களம், அதே வாத்தியார். உறிஞ்சினார், துப்பினார். சித்தரின் கை கற்பூரத்தட்டுக்குப் போவதற்குள் பர்சானா வலது கையால் அதைப் பறித்துக்கொண்டாள்.

"தொடாதே! குடும்பத்துக்கே ஆவாது!" என்று அலறினார் சித்தர்.

அவள் கண்ணை மூடினாள். இரண்டு விரலுக்கு நடுவில் அதை வைத்து உருட்டினாள். வலியில் உதடு துடித்தது. விடவில்லை.

"மயக்கம் வந்துட்ச்சு, தண்ணி தெளிங்க" என்றது ஒரு குரல்.

"சாக்கு இல்ல" என்றாள் பர்சானா. "காடா இல்ல. பஞ்சு இல்ல." உருட்டினாள். "பட்டு. இது பட்டு நூல்!"

ஷகீல் வாங்கி, அவள் துப்பட்டாவில் வெற்றிலைச் சாற்றைத் துடைத்தான். நுனியைப் பிடித்து முறுக்கை அவிழ்த்தான். மூன்று இழையாகப் பிரிந்து பளபளத்தது. துணிக்கடைக்காரனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

"யோவ் சாமி, எவன்யா மனுசன் நரம்ப மூணு இழையா முறுக்கி வச்சது?"

"என் சக்தி பட்ட நரம்பு பட்டா மாறும்!"

கூட்டத்தில் பாதி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஆட்டுவதற்கென்றே வைத்திருக்கிற தலைகள். பர்சானா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"சரி சாமி. வெத்தலையத் துப்பிட்டு வாயைக் கொப்பளிங்க. அப்புறம் அடுத்த ஆளுக்கு எடுங்க. வந்தா நானே உங்க கால்ல விழறேன்."

சித்தர் பாட்டிலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சாமி மௌனத்துல கீறார்" என்றான் மைக் பிடித்த சீடன்.

"இப்பத்தானேடா கத்தினாரு? மௌனம் இன்னா பஸ்ஸா, நெனச்சப்ப ஏறிக்க?" என்றேன் நான்.

வாயில் இருந்ததை விழுங்கிவிடலாம் என்று சித்தர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். விக்கிக்கொண்டது. கண் பிதுங்கி, இருமி, தட்டு முழுக்கத் துப்பினார். வெற்றிலையோடு மூன்று சுருள் வந்து விழுந்தது. வரிசையில் அடுத்து நின்ற மூன்று பேருடைய நரம்பும் காலையிலிருந்து அவர் கடைவாயிலேயே காத்திருந்தது.

போலீஸ் வந்த பிறகு பேர் மோகன்குமார் என்று தெரிந்தது. இரண்டு வருஷம் முன்புவரை காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை புரோக்கர். "என் காசு", "என் முழங்கால்" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வாத்தியாரை மட்டும் காணவில்லை.

பர்சானாவின் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. எரிச்சலும் முழுசாகப் போகவில்லை. ஆனால் போன வாரம் ஊசியில் நூல் கோத்தாள். நாலு தடவை தவறி, ஐந்தாவது தடவை. அந்தப் பட்டு "நரம்பு" இப்போது ஸ்ரீவித்யா கொடுத்த துணிப்பையில்தான் கிடக்கிறது. தினம் மூன்று வேளை அதையும் சேர்த்துத் தடவுகிறாள். சித்தர் வைத்தியத்தில் உருப்படியாக உதவினது அது ஒன்றுதான்.

எனக்கு ஆறாதது வேறு. எங்கள் பக்கத்து ஜனங்கள் கல்யாணச் சேலை வாங்கப் போனால் சும்மா வாங்க மாட்டார்கள். ஓர் இழையை உருவி, நெருப்பு வைத்து, மோந்து பார்ப்பார்கள். மயிர் பொசுங்கும் வாடை வந்தால்தான் அசல் பட்டு என்று காசை எடுப்பார்கள். அதே மூக்கு, அதே வாடை. களத்தில் மோந்துவிட்டு நரம்பு என்றார்கள்.

சேலைக்கு ஓர் இழையைக் கொளுத்திப் பார்க்கிற புத்திசாலிகளே, உங்கள் கையைக் காலை ஒருவனிடம் நீட்டுவதற்கு முன்னால் அவன் வார்த்தையில் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் என்ன?