கோட்டிங் போன கண்ணாடியும் மாமனார் மீசையும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன், சலூன்காரன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, கடையிலுள்ள இரண்டு சுழல் நாற்காலிகள் எல்லோரும் சௌக்கியம். நீயும் உன் மூக்குக்கண்ணாடிக் கடையும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்ததும் கோபம் வந்துவிட்டது, ஆகவே நலம் விசாரிப்பது இத்தோடு சரி. போனில் திட்டினால் "அத்தான், கஸ்டமர் வந்துட்டாங்க" என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

விஷயம் இதுதான். உனக்குப் பேசி வைத்திருக்கும் மரக்கடைக்காரர் மகள் கைநழுவிப் போய்விடுவாள் போலிருக்கிறது. காரணம் நீ எனக்குச் செய்து கொடுத்த கண்ணாடி. பதறாதே, முழுதாகப் படி.

கண்ணாடி வந்த அன்று நான் ராஜா. மாட்டியதும் கடையே பளிச்சென்று ஆகிவிட்டது. சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்த சுவர்க் கண்ணாடியில் ஊரார் விரல் ரேகையெல்லாம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து உன் அக்காவைப் பார்த்து, "உனக்கு எப்ப நரைச்சுது?" என்று கேட்டுவிட்டேன். அன்று சாப்பாடு லேட்.

நீயும் சும்மா கொடுக்கவில்லை. "அத்தான், இது கோட்டிங் போட்ட லென்ஸ். காய்ஞ்ச துணியால தேய்க்கவே தேய்க்காதீங்க. முதல்ல குழாய்த் தண்ணியில காட்டித் தூசியை ஓட்டுங்க. ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு விரல் நுனியால தடவி அலசுங்க. அப்புறம் இந்த மெத்துத் துணியால ஒத்தி எடுங்க. ஸ்பிரிட் ஆகாது, சூடு ஆகாது, ஸ்பிரே ஆகாது" என்றாய். கைக்குழந்தையைக் குளிப்பாட்டக்கூட யாரும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே யோசித்தேன்: இந்த மூன்றும் இல்லாமல் சலூன் ஏது? "கடையை இழுத்து மூடுங்க" என்று நேராகவே சொல்லியிருக்கலாமே!

மறுநாள் காலை முதல் தலையிலேயே முடித்தூளும் பவுடரும் பறந்து வந்து லென்ஸில் உட்கார்ந்தன. ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கத்தரி, எதிரே பாதி வெட்டிய தலை, இந்த லட்சணத்தில் குழாயடிக்கு ஓடவா முடியும், தோளில் கிடந்த துண்டால் ஒரே இழுப்பாகத் துடைத்தேன், அந்தத் துண்டோ காலையிலிருந்து கழுத்து கழுத்தாகத் துடைத்துத் துடைத்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது, வலது பக்கத்தில் சர்ரென்று ஒரு கீறல். நீ கொடுத்த மெத்துத் துணி எங்கே என்று கேட்காதே. உன் அக்கா அதால் டிவியைத் துடைக்கிறாள். கேட்டால், "என் தம்பி குடுத்ததாக்கும்" என்று பெருமை வேறு. கீறலுக்கு வைத்தியமும் அவள்தான் சொன்னாள்: "பல்லையே பளபளன்னு ஆக்குது, இதை ஆக்காதா?" பற்பசையைப் பிதுக்கித் தேய்த்தோம். ஒரு கீறலுக்குப் பல கீறல் துணைக்கு வந்தது. சரி, அழுக்குதான் படிந்திருக்கிறது என்று நினைத்து, சாப்பிடப் போகும்போது கத்தரிக்கோலோடு கண்ணாடியையும் ஸ்பிரிட் ஜாடியில் போட்டுவிட்டேன். கத்தரிக்கு நல்லது கண்ணாடிக்குக் கெடுதலா என்ன? திரும்பி வந்து, ஈரம் காயட்டுமே என்று சூடான துண்டு வைக்கும் பெட்டிக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் காய்ந்த குளத்துச் சேறு போல லென்ஸ் முழுக்க வெடிப்பு! அங்கங்கே கோட்டிங் உரிந்து வேறு தொங்குகிறது. இருந்தாலும் மாட்டிக்கொண்டேன். உன் அன்பளிப்பாயிற்றே!

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மீசை என்றால் அது மீசை! அவருக்கு முன்னால் மீசை வந்தது, பின்னால் அவர் வந்தார். "நுனியை மட்டும் லேசா ஒதுக்குங்க" என்றார். ஒதுக்கினேன். வலது பக்கம் ஒரே ஒரு முடி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. வெட்டினேன், நின்றது. இன்னும் கொஞ்சம் வெட்டினேன், அப்படியே நின்றது. என்னடா இது, நம்ம தொழிலுக்கே சவாலா என்று விடாமல் வெட்டினேன். வலது இளைத்துவிட்டது, சமன் செய்ய இடதையும் இளைக்க வைத்தேன். அந்த முடி மட்டும் அசையவில்லை. கடைசியில் வெட்ட மீசையே இல்லாதபோதும் அது அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் புரிந்தது, மச்சான். நான் இவ்வளவு நேரமும் வெட்டிக்கொண்டிருந்தது லென்ஸில் இருந்த கீறலை!

பெரியவர் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நான் பொண்ணோட அப்பா. மாப்பிள்ளையோட அக்கா வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். பார்த்துட்டேன்" என்றார். என் துண்டையே எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். நீங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போன அன்று நான் கடையை விட்டு வரவில்லையே, அவர் முகம் எனக்கு எப்படித் தெரியும்?

விஷயம் தெரிந்ததும் உன் அக்கா, "என் தம்பி கல்யாணத்தையும் மீசையோட சேர்த்து வழிச்சுட்டீங்களே!" என்று ஒரே அழுகை. நீ அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஆகவே நீ உடனே மரக்கடைக்குப் போய், "தப்பு அத்தான் மேல இல்லை, லென்ஸ் மேல" என்று அவர் காலில் விழு. வரும்போது எனக்குப் புதுக் கண்ணாடி ஒன்று கொண்டு வா. இந்த முறை குழாயடியிலேயே குடியிருக்கிறேன், போதுமா?

உன் கடை நாளுக்கு நாள் பெருகட்டும், உன் ஆயுள் அதைவிடப் பெருகட்டும் என்று, இத்தனை கோபத்திலும் வாழ்த்துகிற,

அத்தான்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் மரக்கடைக்காரர் சம்சாரத்தோடு வந்து நிற்கிறார்! நான் கத்தரியை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கடையே அதிர்ந்தது. "இந்த முகத்தையா இத்தனை வருஷமா மூடி வச்சிருந்தாரு? இப்பதான் இவரு சிரிக்கிறதே எனக்குத் தெரியுது" என்கிறார். கல்யாணம் உறுதி. ஆனால் மரக்கடை ஆட்கள் அவரைக் கேலி செய்கிறார்களாம். "போட்டோவுல நான் மட்டும் தனியா நிக்க மாட்டேன். மாப்பிள்ளையும் மீசை இல்லாமதான் நிக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். லென்ஸ் கீறல் கதையையும் அவரிடம் சொல்லி, உன் சார்பில் நான் வாக்கும் கொடுத்துவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியில் உட்கார். புதுக் கண்ணாடி மட்டும் தயவுசெய்து கொண்டு வராதே. உன் மாமனார் பக்கத்தில் நின்று பார்ப்பாராம். நான் இதே கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.